ஒரு சிரிப்புப் படமும் கறுப்புப் பட்டியலும்

1960ஆம் ஆண்டில் வெளிவந்த 'அடுத்த வீட்டுப் பெண்' என்னும் படத்தைப் பார்த்துச் சிரிக்காதவர் அரியர். பாட்டில் மயங்கும் ஒரு பெண். அவளை விரும்பும் கதாநாயகன் டி.ஆர். இராமச்சந்திரனுக்கோ பாட்டு வராது. என்ன செய்வது? பாட்டு வல்ல நண்பர் தங்கவேலு மறைவில் இருந்து பாடுகிறார். இவர் முன்னால் நின்று வாயை மட்டும் அசைக்கிறார். குரல் ஒருவருடையது, முகம் மற்றொருவருடையது. இதே கதை 1968இல் இந்தியில் 'படோசன்' என்ற பெயரில் வந்தது. அதில் மறைந்து பாடும் நண்பராக நடித்தவர் புகழ்பெற்ற பாடகரும் நகைச்சுவை நடிகருமான கிஷோர் குமார்.

சிரிப்பூட்டுவதற்காகத் திரைக்குள் மறைந்து பாடிய அதே கலைஞரின் குரலை, எட்டே ஆண்டுகளில், 1976இல், ஓர் அரசாங்கமே மறைத்து வைத்தது. அதே 1976இல் அமெரிக்காவில் ஒரு படம் வெளிவந்தது. எழுதியவன் மறைந்திருக்க, எழுதத் தெரியாத ஒருவன் முன்னால் நின்று பெயர் வாங்கும் கதை அது. கலைஞர்களைத் தொழிலிலிருந்து ஒதுக்கி வைக்கும் கறுப்புப் பட்டியலைப் பற்றிய அந்தச் சிரிப்புப் படத்தின் பெயர் 'தி ஃப்ரன்ட்'. நம் நாட்டில் நடந்த நிகழ்ச்சியையும் அந்நாட்டுப் படத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால், கறுப்புப் பட்டியல் என்பது எவ்வாறு பிறக்கிறது, யாருடைய தயவில் உயிர் வாழ்கிறது என்பது விளங்கும். அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாட்டு நின்ற கதை

1975 ஜூன் 25 முதல் 1977 மார்ச் 21 வரை நம் நாட்டில் நெருக்கடி நிலை நடப்பில் இருந்தது. செய்தித்தாள்கள் தணிக்கைக்கு உட்பட்டன. வானொலியும் தொலைக்காட்சியும் முழுக்க முழுக்க அரசின் கையில் இருந்தன. பிரதமர் இந்திரா காந்தி அறிவித்த இருபது அம்சத் திட்டத்தை மக்களிடையே பரப்பத் திரைக் கலைஞர்களின் ஒத்துழைப்பைத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் நாடியது. அப்போது அத்துறையின் அமைச்சர் வி.சி. சுக்லா.

பம்பாய்த் திரையுலகினரோடு அமைச்சக அதிகாரிகள் பேச்சு நடத்தினர். அவர்களுள் ஒருவர் கிஷோர் குமாருடன் தொலைபேசியில் பேசி, வீட்டிற்கு வந்து சந்திக்க விரும்புவதாகச் சொன்னார். தமக்கு உடல்நலமில்லை, யாரையும் சந்திப்பதற்கில்லை என்றும், வானொலிக்கோ தொலைக்காட்சிக்கோ பாட விருப்பமில்லை என்றும் கிஷோர் குமார் கூறிவிட்டார். அவர் செய்தது அவ்வளவே. மேடையேறி அரசைத் தாக்கிப் பேசவில்லை, அறிக்கை விடவில்லை, 'பாட வரமாட்டேன்' என்றார்.

உடனே மூன்று முடிவுகள் எடுக்கப்பட்டன. அகில இந்திய வானொலியிலும் தொலைக்காட்சியிலும் அவர் பாடல்களை 3 மாதங்களுக்கு ஒலிபரப்பக்கூடாது. அவர் நடித்துவரும் படங்களைப் பட்டியலிட்டு, மேல் நடவடிக்கைக்கு வைத்துக்கொள்ள வேண்டும். அவர் பாடிய இசைத்தட்டுகளின் விற்பனையை நிறுத்த வேண்டும். 1976 மே 4ஆம் நாள் வானொலித் தடை நடப்புக்கு வந்தது.

இவற்றுள் இரண்டாவது முடிவைச் சற்றுக் கூர்ந்து பாருங்கள். அவர் நடிக்கும் படங்களின் பட்டியல் எதற்கு? ஒரு படம் என்றால் அதற்குத் தயாரிப்பாளர் உண்டு, கடன் கொடுத்தவர் உண்டு, விநியோகஸ்தர் உண்டு, ஒளிப்பதிவாளர் முதல் விளக்குப் பிடிக்கும் தொழிலாளி வரை நூறு பேர் உண்டு. ஒருவரை வைத்துக்கொண்டால் நம் பணமும் சேர்ந்து முடங்கும் என்ற அச்சம் தயாரிப்பாளர் மனத்தில் விழுந்துவிட்டால் போதும். பிறகு அரசு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. அந்த நூறு பேருமே அவரிடம் போய், 'ஒரு பாட்டுத்தானே, பாடிவிட்டால் என்ன?' என்று கேட்பார்கள்.

ஜூன் மாதத்தில், ஒத்துழைக்க இசைவதாகக் கிஷோர் குமார் கடிதம் எழுத நேர்ந்தது. அதன் பேரில், அவருடைய ஒத்துழைப்பு எந்த அளவில் இருக்கிறது என்று கவனித்து வரலாம் என்னும் குறிப்போடு தடையை விலக்க முடிவாயிற்று. இத்தனையும் நமக்குத் தெரிய வந்தது எப்படி? ஆட்சி மாறிய பின் அமைக்கப்பட்ட நீதிபதி ஷா விசாரணைக் குழு கோப்புகளைப் புரட்டி, அதிகாரிகளைக் கூண்டில் நிறுத்திக் கேட்டு, 1978இல் அறிக்கை வெளியிட்டதனால்தான். அந்தக் குழு அமைந்திராவிட்டால், 'ஏதோ சில மாதம் அவர் பாட்டுக் கேட்கவில்லை' என்பதோடு கதை முடிந்திருக்கும்.

அப்படித்தான் முடிந்தது, எங்கள் ஊரில். கொடைக்கானலுக்கு மேற்கே மன்னவனூரும் கவுஞ்சியும் கடந்து, கிளாவரைக்கு முன்னால் இருக்கும் பூண்டி என் ஊர். 1976இல் என் தாத்தா இருபது வயது கடந்த இளைஞர். பூண்டு மூட்டையோடு வடுகபட்டிச் சந்தைக்கு இறங்கும்போதெல்லாம் தேநீர்க் கடை வானொலியில் 'ஆராதனா' படப் பாட்டுக் கேட்டவர். இந்தி ஒரு சொல் தெரியாது, மெட்டு மட்டும் இன்றும் அவர் வாயில் வரும். 'அந்த ஆள் பாட்டை அரசாங்கம் நிறுத்தி வைத்திருந்ததே, தெரியுமா?' என்று அவரிடம் கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, 'நிறுத்துனாங்களா? வேற பாட்டு ஓடிக்கிட்டுத்தானப்பா இருந்துச்சு!' என்றார்.

கறுப்புப் பட்டியலின் வலிமையை இதைவிடத் தெளிவாக யாராலும் சொல்ல முடியாது. வந்த பாட்டை எல்லோரும் கேட்பர். வராத பாட்டை யார் கேட்பர்?

ஒரு மளிகைக் கடைக்காரரின் அதிகாரம்

நிற்க. இனி அமெரிக்காவுக்குச் செல்வோம். அங்கே இந்த ஏற்பாடு சில மாதங்கள் அன்று, ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் நீடித்தது.

1947இல் அந்நாட்டு நாடாளுமன்றக் குழு ஒன்று, ஹாலிவுட்டில் பொதுவுடைமைக் கட்சியினர் யார் யார் என விசாரிக்கத் தொடங்கியது. பதில் சொல்ல மறுத்த 10 பேர், அவையை அவமதித்தனர் என்று பின்னர்ச் சிறை சென்றனர். அதே ஆண்டு நவம்பரில் பட முதலாளிகள் நியூயார்க்கில் ஒரு விடுதியில் கூடி, அந்தப் பத்துப் பேருக்கும் வேலை இல்லை, இனித் தெரிந்தே எந்தப் பொதுவுடைமையாளரையும் வேலைக்கு வைப்பதில்லை என்று அறிவித்தனர். 1950இல் தனியார் சிலர் ஒரு சிறு நூலை அச்சிட்டனர். வானொலி, தொலைக்காட்சிக் கலைஞர் 151 பேரின் பெயர்கள் அதில் இருந்தன. நீதிமன்றம் எதுவும் அவர்களைக் குற்றவாளி என்று சொன்னதில்லை. ஆனால் அந்நூல் ஒவ்வொரு நிகழ்ச்சித் தயாரிப்பாளரின் மேசை இழுப்பறையிலும் இருந்தது.

அங்கே தொலைக்காட்சி நடப்பது விளம்பரப் பணத்தில். சிராக்யூஸ் என்ற நகரில் சில பலசரக்குக் கடைகளுக்கு உரிமையாளரான ஒருவர், 'பட்டியலில் உள்ள நடிகரை நீங்கள் நடத்தும் நிகழ்ச்சியில் வைத்தால், உங்கள் பண்டத்தின் பக்கத்தில் அறிவிப்புப் பலகை வைப்பேன்' என்று விளம்பர நிறுவனங்களை மிரட்டினார். பெரும் பெரும் நிறுவனங்கள் அவருக்குப் பணிந்தன. ஒரு மளிகைக் கடைக்காரருக்கு ஒரு நாட்டின் கலையை ஆளும் அதிகாரம் எங்கிருந்து வந்தது? மற்றவர்களின் அச்சத்திலிருந்து வந்தது.

வேலை இழந்த எழுத்தாளர்கள் என்ன செய்தனர்? பெயரை மறைத்து எழுதினர். அல்லது வேறொருவர் பெயரில் விற்றனர். டால்ட்டன் டிரம்போ எழுதிய 'ரோமன் ஹாலிடே' கதைக்கு ஆஸ்கார் பரிசு கிடைத்தபோது, அதை வாங்கியது அவருக்காகப் பெயர் கொடுத்த நண்பர். உரிய பரிசு டிரம்போவின் மனைவியின் கைக்கு வந்தது 1993இல். டிரம்போ இறந்து 17 ஆண்டுகள் ஆகியிருந்தன.

நமக்கு இன்னும் அணுக்கமான சான்று ஒன்றுண்டு. 'பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' என்னும் 1957ஆம் ஆண்டுப் படம் இலங்கையின் கித்துல்கலையில் எடுக்கப்பட்டது. சயாம் மரண ரயில் பாதையைப் பற்றிய கதை அது. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் மடிந்த பாதை. திரைக்கதைக்கான ஆஸ்கார், ஆங்கிலத்தில் எழுதாத பிரெஞ்சு நாவலாசிரியர் பியர் பூலுக்கு வழங்கப்பட்டது. உண்மையில் எழுதிய கார்ல் ஃபோர்மன், மைக்கேல் வில்சன் இருவரும் கறுப்புப் பட்டியலில் இருந்தனர். அவர்களுக்கு உரிய சிறப்பு 1984இல்தான் வழங்கப்பட்டது; அதைப் பெற இருவருமே உயிரோடில்லை. பாதை போட்டுச் செத்த தமிழனின் பெயரும் படத்தில் இல்லை. படத்தை எழுதியவர்களின் பெயரும் இல்லை.

பினாமியின் கதை

'தி ஃப்ரன்ட்' படம் இந்தக் காலத்தைத்தான் காட்டுகிறது. 'ஃப்ரன்ட்' என்பதற்கு அகராதியில் பொருள் தேட வேண்டாம். நம் ஊர்ப் பேச்சில் 'பினாமி' என்றால் எல்லோருக்கும் விளங்கும்.

ஹோவர்ட் பிரின்ஸ் என்பவன் ஓர் உணவு விடுதியில் காசாளன். பந்தயச் சூதாட்டத்திலும் கைவைத்துக் கடன்பட்டவன். அரசியல் ஒன்றும் தெரியாது. அவனுடைய பள்ளித் தோழன் தொலைக்காட்சிக்கு எழுதுபவன். பட்டியலில் பெயர் ஏறிவிட்டதால் அவன் எழுத்தை யாரும் வாங்குவதில்லை. 'உன் பெயரைக் கொடு, நூற்றுக்குப் பத்து உனக்கு' என்கிறான். இவன் ஒப்புக்கொள்கிறான். ஒருவர் மூவராகிறார்கள். கதைகள் குவிகின்றன, புகழ் வருகிறது, ஒரு பெண்ணின் அன்பும் வருகிறது. வேடிக்கை என்னவென்றால், நாளடைவில் இவன் தன்னையே எழுத்தாளன் என்று நம்பத் தொடங்குகிறான். 'இந்தக் கதை சுமாராக இருக்கிறதே. இதில் என் பெயர் வருவதா?' என்று உண்மையான எழுத்தாளர்களையே கடிந்துகொள்கிறான்! வுடி ஆலன் நடித்த இப்பகுதிகள் வயிறு குலுங்கச் சிரிக்க வைப்பவை.

ஆனால் படத்தின் நெஞ்சு வேறிடத்தில் இருக்கிறது. ஹெக்கி பிரவுன் என்னும் நகைச்சுவை நடிகர்; ஜீரோ மாஸ்டெல் ஏற்ற பாத்திரம். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மே தின ஊர்வலத்தில் நடந்தார் என்பது அவர் மீதுள்ள குற்றச்சாட்டு. அவர் நடந்ததோ ஊர்வலத்தில் வந்த ஒரு பெண்ணின் பார்வையில் படுவதற்காக! இதைச் சொன்னாலும் விசாரிப்பவர் சிரிப்பதில்லை. ஹோவர்டை உளவு பார்த்துச் சொன்னால் வேலை திரும்பக் கிடைக்கலாம் என்று குறிப்புக் காட்டுகிறார். ஹெக்கி தடுமாறுகிறார். நிகழ்ச்சி போயிற்று, மலைவாழ் விடுதி ஒன்றில் பேசிய கூலியில் பாதிக்கும் குறையாத பங்கைப் பிடித்துக்கொள்கிறார்கள், 'இப்போது உன்னை யார் அழைக்கிறார்கள்?' என்ற துணிவில். ஒரு நாள் நல்ல விடுதியில் அறை எடுத்து, மது வரவழைத்துக் குடித்துவிட்டு, சன்னல் பக்கம் போகிறார். அடுத்து நாம் பார்ப்பது வெறும் சன்னலை மட்டுமே. இதுவரை சிரித்துக்கொண்டிருந்த அரங்கம் அங்கே மௌனமாகிவிடும்.

இவ்வளவு துயரமான செய்தியைச் சிரிப்புப் படமாக எடுக்கலாமா என்று கேட்பவர் உண்டு. என் எண்ணத்தில், சிரிப்புத்தான் இதற்கு ஏற்ற வடிவம். ஊர்வலத்தில் பெண்ணைப் பார்க்கப் போனவனை நாட்டுக்குப் பகைவன் என்று பட்டியலிடுவது சிரிப்புக்குரியதே அல்லவா? அந்தச் சிரிப்புக்குரிய காரியம் ஓர் உயிரைக் குடித்தது என்பதை உணர, முதலில் நாம் சிரித்தாக வேண்டும்.

இறுதியில் விசாரணைக் குழு ஹோவர்டை அழைக்கிறது. அவர்களுக்கு வேண்டியது தகவல் அன்று, பணிவு. பல பெயர் வேண்டாம், ஒரே ஒரு பெயர் சொன்னால் போதும். இறந்துபோன ஹெக்கியின் பெயராகக்கூட இருக்கலாம் என்கிறார்கள். இறந்தவனுக்கு இனி என்ன தீங்கு? சொல்லிவிட்டால் வீடு திரும்பலாம். வாழ்நாளெல்லாம் நழுவியே பழகிய ஹோவர்ட் எழுந்து நிற்கிறான். அச்சில் ஏற்ற முடியாத ஒரு சொல்லால் அவர்களைத் திட்டிவிட்டு வெளியேறுகிறான், சிறைக்குப் போகிறான்.

படம் முடிந்து பெயர்கள் வரும்போதுதான் கடைசி அடி விழுகிறது. இயக்குநர் மார்ட்டின் ரிட், பட்டியலில் சேர்க்கப்பட்டது 1951; கதாசிரியர் வால்ட்டர் பெர்ன்ஸ்டைன், 1950; ஜீரோ மாஸ்டெல், 1950 என்று ஆண்டுகளோடு வருகின்றன. நடித்தது நடிப்பன்று, பட்டது என்று அப்போது தெரிகிறது. மாஸ்டெல் அடுத்த ஆண்டே காலமானார். பெர்ன்ஸ்டைன் 101 வயது வரை வாழ்ந்து 2021இல் மறைந்தார்.

தடையும் பட்டியலும்

நம் தமிழ் மேடை தடைக்குப் புதிதன்று. ஆங்கிலேயர் 1876இலேயே நாடகத்தைக் கட்டுப்படுத்தச் சட்டம் செய்தனர். நாடு விடுதலை பெற்ற பின்னும் 1954இல் சென்னை மாநிலத்தில் தனியாக ஒரு நாடகச் சட்டம் வந்தது. நடிகவேள் எம்.ஆர். இராதாவின் நாடகங்களை, சிறப்பாக அவருடைய இராமாயண நாடகத்தை, மனத்திற்கொண்டு வந்த சட்டம் அது என்பதை நாடக உலகம் அறியும். இராதா அஞ்சினாரில்லை, தடைகளோடு மல்லுக்கு நின்றே மேடையேறினார்.

தடைக்கும் பட்டியலுக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே காண வேண்டும். சட்டத்தின் தடை கொடிதே. ஆயினும் அதற்கு எண் உண்டு, நாள் உண்டு, கையொப்பம் உண்டு. எனவே அதை எதிர்த்து வழக்காடலாம். நாடகப் பிரதியைக் காவல்துறையிடம் காட்டி அனுமதி பெற வேண்டும் என்ற நிலையை எதிர்த்து எழுத்தாளரும் நாடகக்காரருமான ஞாநி உயர் நீதிமன்றம் சென்றார். 2013இல் அந்தச் சட்டத்தின் பிரிவுகள் அரசியல் சட்டத்திற்கு முரணானவை எனத் தீர்ப்பு வந்தது. ஏறத்தாழ 60 ஆண்டுகள் ஆயின; ஆனாலும் வழி இருந்தது.

பட்டியலுக்கோ கையொப்பம் இல்லை. 'இந்த வேடத்திற்கு நீங்கள் பொருந்த மாட்டீர்கள்', 'இந்த முறை வேறொருவரைப் போட்டுவிட்டோம்', 'மேலிடத்தில் விருப்பமில்லை' என்று புன்னகையோடு சொல்லப்படும் சொற்களை எந்த நீதிமன்றத்தில் கொண்டுபோய் வைப்பது? தொலைபேசியில் பிறந்து, நூறு பேரின் முன்னெச்சரிக்கையில் வளர்ந்து, 'எனக்கேன் வம்பு' என்ற இரண்டு சொற்களில் அது நிலைபெறுகிறது. வானொலி நிலையத்தில் அன்று இசைத்தட்டைத் தனியே எடுத்து வைத்த ஊழியர் கொடியவரல்லர், நம்மைப் போன்றவரே. பட்டியலை எழுதுபவர் சிலர்; அதைப் படித்து நடப்பவர் பலர். அந்தப் பலர் இல்லாவிட்டால் அது வெறும் காகிதம்.

கரும்பலகை

இதெல்லாம் பெரிய இடத்துச் செய்தி, நமக்கென்ன என்று தோன்றலாம். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, படத்தின் அந்தக் கடைசி விசாரணைக் காட்சி வரும் வரை.

நாம் எல்லோரும் படித்த பள்ளிகளில் ஒரு வழக்கம் உண்டு. ஆசிரியர் வெளியே போகும்போது வகுப்புத் தலைவனிடம், 'பேசுறவன் பேரை எழுதி வை' என்று சொல்லிவிட்டுப் போவார். ஐந்தாம் வகுப்பில் நான் தலைவன். ஒரு மழை நாள். குளிரில் எல்லோரும் ஒடுங்கிக் கிடந்தார்கள். உண்மையிலேயே யாரும் பேசவில்லை. ஆசிரியரின் காலடி ஓசை கேட்டது. பலகை வெறுமையாக இருந்தால் நான் வேலை செய்யவில்லை என்று எண்ணுவாரே என்ற அச்சம் என்னைப் பிடித்தது. அவசரமாக ஒரே ஒரு பெயர் எழுதினேன். என் பக்கத்திலேயே உட்காரும் நண்பனின் பெயர். அவன் என்னை அடிக்க வரமாட்டான் என்பதால்தான் அவன் பெயரை எழுதினேன். அன்று மாலை வரை அவன் வெளியே மூடுபனியில் நின்றான். ஏன் எழுதினாய் என்று அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.

என்னை யாரும் மிரட்டவில்லை. ஒரு பெயர் வேண்டும் என்றுகூட ஆசிரியர் சொல்லவில்லை. நானே ஊகித்துக்கொண்டேன். கிஷோர் குமாரின் இசைத்தட்டை எடுத்து வைத்தவரும், சிராக்யூஸ் கடைக்காரருக்குப் பணிந்த நிறுவனத்தாரும் செய்தது இதையேதான் என்பது எனக்கு இப்போது விளங்குகிறது.

நாளை நம்மில் பலர் அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் பத்திரிகைகளிலும் அமரப்போகிறோம். ஆண்டு விழா நாடகத்தில் யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்பதிலிருந்தே அது தொடங்கிவிடுகிறது. 'அவன் பெயர் வேண்டாம், வம்பு' என்று யாராவது மெல்லச் சொல்வார்கள். அப்போது, 'ஏன் வேண்டாம்? அதை எழுத்தில் கொடுங்கள்' என்று கேட்கும் ஒருவர் அந்த அறையில் இருந்தால் போதும். பட்டியல் அங்கேயே நின்றுவிடும். அந்த ஒருவராக இருக்க நாம் வீரராக வேண்டியதில்லை. கடன்பட்ட காசாளன் ஹோவர்டே அதைச் செய்தான்.

என் நண்பன் இந்த மலரைப் படிக்க மாட்டான். அவன் இப்போது பூண்டியில் உருளைக்கிழங்கு போடுகிறான். விடுமுறைக்குப் போகும்போது அவனிடம் நேரில் சொல்வதாக இருக்கிறேன்.